கிலிமலேக் காட்டின் மஞ்சள் எறும்பு: இடுப்பையும் கொடுக்கையும் பார்த்து இனம் காண்பது

இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்கள் எல்லாரும் கிலிமலேயைத் தாண்டித்தான் போகிறார்கள். பஸ் ஜன்னலில் பார்த்தால் தேயிலை, இறப்பர், வீட்டுத் தோட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஈரக் காடு, அவ்வளவுதான் கண்ணில் படும். அந்தக் காட்டுத் தரையில், உக்கிப்போன சுள்ளிகளுக்குள்ளே, இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கண்டறியப்படாத ஓர் எறும்பு குடியிருக்கிறது. பெயர் அனியூரெட்டஸ் சைமோனி.

ஒரு நாட்டில் மட்டும் வாழும் எறும்பினங்கள் நிறையவே உண்டு, அதனால் மட்டும் இதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். உலகில் இதுவரை பெயர் வைத்த எறும்பினங்கள் 14,000-க்கும் மேல். அவற்றையெல்லாம் பதினாறு, பதினேழு துணைக்குடும்பங்களுக்குள் அடக்கியிருக்கிறார்கள். அதில் மிர்மிசினே என்ற ஒரே துணைக்குடும்பத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான இனங்கள், ஏறக்குறைய மொத்தத்தில் பாதி. அனியூரெட்டினே என்ற துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. அது இந்தக் கிலிமலே எறும்புதான். இது போய்விட்டால் ஓர் இனம் மட்டுமல்ல, ஒரு கிளையே மரத்திலிருந்து போய்விடும். இப்படி ஒற்றையாக நிற்கும் துணைக்குடும்பங்கள் வேறும் உண்டு, தென்னமெரிக்காவின் புல்லட் எறும்பு அப்படி ஒன்று, ஆனால் அது ஓர் அங்குல நீளம், கண்ணில் படாமல் தப்பாது. நம்முடையது சில மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம், இலைக்குப்பைக்குள் வாழ்க்கை.

எறும்பில் ஆர்வம் உள்ளவன் என்று தெரிந்த பிறகு வாட்ஸப்பில் எனக்கு வரும் படங்களில் பாதி மஞ்சள் எறும்புகள்தான். "இதுதானே அது?" என்று கேட்டு வருகின்றன. ஆசையோடு அனுப்புகிறார்கள், அந்த ஆசை எனக்கும் பிடிக்கும். ஆனால் முக்கால்வாசிப் படங்கள் மேலிருந்து எடுத்தவை, மேலிருந்து எடுத்த படத்தில் இந்த எறும்பை உறுதிசெய்யவே முடியாது. ஏன் முடியாது என்பதை விளக்கினால் இந்த எறும்பை எப்படி வகைப்படுத்தினார்கள் என்பதும் கூடவே புரிந்துவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். ஈரவலயக் காட்டின் இலைக்குப்பையில் மஞ்சள் எறும்பு என்பது மிகச் சாதாரணம். வெளிச்சம் படாத இடத்தில் வாழும் சின்ன எறும்புகள் பல துணைக்குடும்பங்களில் மஞ்சளாகவே இருக்கின்றன. ஃபைடோலி பேரினத்தில் மஞ்சள் இனங்கள் உண்டு, கரேபராவில் உண்டு, ஹைப்போபொனேராவில் உண்டு, நீண்ட கால்களோடு ஓடித் திரியும் மஞ்சள் பைத்திய எறும்பு வேறு வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. "பெரிய தலை வேலையாள், சின்னத் தலை வேலையாள் என்று இரண்டு அளவும் ஒரே கூட்டில் இருக்கிறதே" என்று சிலர் அடுத்த ஆதாரம் காட்டுவார்கள். உண்மைதான், அனியூரெட்டஸிலும் இரண்டு அளவு வேலையாட்கள் உண்டு. ஆனால் ஃபைடோலியிலும் அதே மாதிரி, கரேபராவில் வித்தியாசம் இன்னும் அதிகம், நெருப்பெறும்பிலும் பெரிய தலைக்காரர்கள் உண்டு. ஆக நிறமும் அளவும் நம்மைச் சந்தேகப்பட வைக்கலாம், முடிவு சொல்லாது.

முடிவு சொல்வது இடுப்பும் வயிற்றின் நுனியும்.

எறும்பைப் பக்கவாட்டில் பாருங்கள். நெஞ்சுப் பகுதிக்கும் பருத்த பின்வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் இடுப்பு இருக்கும். அந்த இடுப்பில் ஒரு கணு இருக்கிறதா, இரண்டு கணு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு என்றால் நம் காடுகளில் அநேகமாக அது மிர்மிசினே, மேலே சொன்ன ஃபைடோலி, கரேபரா, நெருப்பெறும்பு எல்லாம் அந்த இடத்திலேயே கழிந்துவிடும். அனியூரெட்டஸுக்கு ஒரே கணு. ஆனால் அந்தக் கணுவுக்கு முன்னால் நீளமான, மெல்லிய ஒரு காம்பு இருக்கும். காம்பு நீண்டிருப்பதால் அவசரத்தில் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு கணு போலத் தெரிந்துவிடும், அல்லது இரண்டு கணு எறும்பைப் பார்த்து இதுதான் அந்த நீளக் காம்பு என்று தோன்றிவிடும். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, நல்ல வெயில் வெளிச்சம், எறும்பு பக்கவாட்டில் ஒரு நொடி நிற்பது, இந்த மூன்றும் அமைந்தால் சந்தேகம் தீரும். கணு என்பது மேலே எழும் மேடு. காம்பு மேடில்லாமல் நீண்டு போகும். மேடுகளை எண்ணுங்கள்.

ஒரே கணு என்று உறுதியானதும் அடுத்த சந்தேகம் ஹைப்போபொனேரா. இது பொனேரினே துணைக்குடும்பம், மஞ்சளாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், ஒரே கணு, கொடுக்கும் உண்டு. ஆனால் அதன் கணு காம்பில்லாமல் தடித்து ஒரு கட்டை போல நிமிர்ந்திருக்கும், முதுகின் பின்முனையில் முள் இருக்காது, பின்வயிற்றின் முதல் வளையத்துக்கும் இரண்டாவது வளையத்துக்கும் நடுவே ஒரு சின்ன இறுக்கம் தெரியும். அனியூரெட்டஸின் பின்வயிறு அப்படி இறுகாமல் வழவழவென்று உருண்டு போகும். நெஞ்சுப் பகுதியின் பின்முனையில் இரண்டு கூர்முட்கள் தெளிவாக நீட்டிக்கொண்டிருக்கும். இந்த முள், நீளக் காம்பு, இறுக்கமில்லாத வயிறு மூன்றும் ஒன்றாக வந்தால் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கலாம், எனக்கு அப்படித்தான்.

ஆனால் கடைசிச் சாட்சி இன்னும் பாக்கி. அது வயிற்றின் நுனி.

முசுறு கடித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அது கொட்டுவதில்லை, தாடையால் கடித்துவிட்டு, அந்தக் காயத்தில் வயிற்று நுனியிலிருந்து அமிலத்தைப் பீய்ச்சுகிறது. அந்த நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால் வட்டமான ஒரு சின்னத் துளையும் அதைச் சுற்றி மயிர்களும் தெரியும். அதுதான் ஃபார்மிசினே துணைக்குடும்பத்தின் அடையாளம். சமையலறையில் சீனிப் போத்தலைச் சுற்றி ஓடும், தலை கறுத்து வயிறு வெளிறிய அந்தப் பொடி எறும்பு டோலிகோடெரினே. அதை விரலால் நசுக்கினால் ஊசிப்போன தேங்காய் போல ஒரு வாடை வரும். அதற்கும் கொடுக்கு இல்லை, நுனியில் ஒரு கீறல் போன்ற வாய் மட்டும் இருக்கும், பாதுகாப்பெல்லாம் அந்த வாடை தரும் இரசாயனத்தை நம்பித்தான். ஒரே கணு, இறுகாத மென்மையான வயிறு என்றால் எறும்பு பார்க்கிறவர் மனம் உடனே இந்த இரண்டு துணைக்குடும்பங்களுக்குத்தான் போகும், இரண்டிலும் கொடுக்கு கிடையாது. அப்படிப்பட்ட உடம்போடு நுனியில் நல்ல நீளமான, வேலை செய்கிற கொடுக்கும் ஓர் எறும்புக்கு இருந்தால்? அதுதான் அனியூரெட்டஸ். டோலிகோடெரினேயின் உடம்பில் பழைய குளவியின் ஊசி.

இதனால்தான் மேலிருந்து எடுத்த படம் உதவாது என்கிறேன். கணுவின் உருவம் பக்கத்திலிருந்து தெரிய வேண்டும், கொடுக்கு நுனியிலிருந்து தெரிய வேண்டும். உயிருள்ள எறும்பில் கொடுக்கு பெரும்பாலும் உள்ளே இழுத்திருக்கும் என்பது வேறு சிக்கல்.

முதல்முறை இதை உயிரோடு பார்த்தது, முறையான அனுமதியோடு காட்டுக்கு வந்திருந்த ஒரு பல்கலைக்கழகக் குழுவோடு ஒட்டிக்கொண்டு போனபோது. இரவு முழுக்கப் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது, இலைக்குப்பை சொதசொதவென்று இருந்தது, அட்டைகள் காலில் ஏறிக்கொண்டே இருந்தன. காட்டோரத்தில் நாங்கள் குனிந்து சுள்ளி பொறுக்குவதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"என்னா தம்பி தேடுறீங்க, மாணிக்கமா?"

"இல்லைங்க ஐயா, எறும்பு."

"எறும்பா? அதுக்கா இம்புட்டு பேரு?"

உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரே ஒரு விஷயம் சொன்னார், விறகுக்கு எடுக்கும்போது கையில் கனமாக இருக்கும் ஈரச் சுள்ளியை விட்டுவிடுவார்களாம், காய்ந்து லேசாக இருப்பதைத்தான் எடுப்பார்களாம், "நீங்க தேடுறது நாங்க விடுறதுலதான் இருக்கும்" என்றார். சரியான வழிகாட்டல் அது. கட்டைவிரல் தடிமன், பாதி உக்கி, தோல் இன்னும் விடாத, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிற சுள்ளிகளைத்தான் அதன் பிறகு பார்த்தோம்.

அப்படி ஒன்றை வெள்ளைத் தட்டின் மேல் பிடித்து மெல்லப் பிளந்தபோது சத்தமே வரவில்லை, ஊறிய பிஸ்கட் போல விட்டுக்கொடுத்தது. உள்ளே நீளவாக்கில் குடைந்த ஒரு வழி. அதற்குள் மஞ்சள் எறும்புகள் வெள்ளைக் குடம்பிகளைத் தாடையில் தூக்கிக்கொண்டு வெளிச்சம் படாத பக்கத்துக்கு ஓடின. நடுவில் இரண்டொரு பெரிய தலைக்காரர்கள், மற்றவை ஓட அவை மெதுவாகத் திரும்பின. தட்டில் விழுந்த ஒரு சின்ன வேலையாளை மெல்லிய தூரிகையால் தொட்டபோது வயிற்றை முன்னோக்கி வளைத்தது, அந்த வளைவில் காம்பு முழு நீளத்துக்கும் நிமிர்ந்து தெரிந்தது. உருப்பெருக்கியில் முதுகு முட்கள் இரண்டும் வெளிச்சத்தில் கண்ணாடி போல் மின்னின. மாதிரிக்கு வேண்டியவற்றை மட்டும் குழுவினர் சாராயக் குப்பியில் எடுத்தார்கள், மீதியைச் சுள்ளியோடு சேர்த்துக் கட்டி எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமே கீழாக இருக்கும்படி வைத்தார்கள். கூடு மிகச் சிறியது, முதிர்ந்த கூட்டில்கூட வேலையாட்கள் ஏறக்குறைய நூறு என்ற அளவில்தான், அதனால் ஒரு கூட்டைக் கவனமில்லாமல் உதறினால் இழப்பு பெரிது.

இனி வகைப்படுத்திய கதைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1892 ஜனவரி, பெப்ரவரியில் எஜேன் சைமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்தி ஆய்வாளர். சிலந்திக்காக இலைக்குப்பையைக் கிளறுகிறவருக்கு எறும்பும் கூடவே கிடைக்கும். அவர் கொண்டுபோன எறும்புகள் இத்தாலிய எறும்பு ஆய்வாளர் கார்லோ எமெரியிடம் போய்ச் சேர்ந்தன. எமெரி 1893-இல் இந்த எறும்புக்குப் புதுப் பேரினம் ஒன்று உருவாக்கி, இனப் பெயரில் சைமோனை வைத்தார். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எமெரியின் கண்ணை நினைத்து வியப்பேன். கையில் காய்ந்த மாதிரிகள் மட்டும். ஆனாலும் இது டோலிகோடெரினேக்கு நெருக்கம் என்று கண்டார், அதோடு மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பதையும் கண்டார். 1913-இல் டோலிகோடெரினேக்குள்ளேயே இதற்கென்று ஒரு தனிப் பிரிவு போட்டார். 1951-இல் அவுஸ்திரேலிய எறும்பு ஆய்வாளர் ஜோன் கிளார்க் அதைத் தனித் துணைக்குடும்பமாகவே உயர்த்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது, இவ்வளவும் நடந்தபோது இந்த எறும்பு எப்படி வாழ்கிறது என்றே யாருக்கும் தெரியாது. அருங்காட்சியகத்தில் குத்தி வைத்த சில உடல்களை வைத்து ஒரு துணைக்குடும்பம். கூடு எது, எத்தனை பேர், என்ன சாப்பிடும், எப்படி ஒன்றுக்கொன்று சேதி சொல்லும், எதுவும் தெரியாது.

1955-இல் அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வேர்ட் வில்சன் வந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே வில்சன், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர், பசிபிக் தீவுகள், நியூகினி, அவுஸ்திரேலியா எல்லாம் எறும்பு தேடிச் சுற்றிவிட்டு இலங்கைக்கு இந்த ஒன்றைத் தேடியே இறங்கினார். கண்டியில் உடவத்தகெலே காட்டில் தேடினார், கிடைக்கவில்லை. இரத்தினபுரிப் பக்கம் போன பிறகுதான் உயிருள்ள கூடுகள் கிடைத்தன. கண்டியில் இல்லாதது இரத்தினபுரியில் இருந்தது என்பது சும்மா அதிர்ஷ்டம் இல்லை என்று நினைக்கிறேன், தாழ்நில ஈரக் காடு என்பது இந்த எறும்புக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போதே காட்டிவிட்டது.

1956-இல் வில்சன், தோமஸ் ஐஸ்னர், ஜோர்ஜ் வீலர், ஜெனட் வீலர் நால்வரும் சேர்ந்து ஹார்வர்ட் அருங்காட்சியக வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த நால்வர் கூட்டணியே ஒரு பாடம். வீலர் தம்பதி ஆயுள் முழுக்க எறும்புக் குடம்பிகளையே ஆராய்ந்தவர்கள். ஐஸ்னர் எறும்பின் உள்ளுறுப்புகளைப் பார்க்கிறவர். எறும்பு தான் குடித்ததை மற்றவற்றோடு பங்கிட முன்வயிற்றில் தேக்கி வைக்கும், அந்தத் தேக்கத்துக்கும் சமிபாட்டுக் குடலுக்கும் நடுவே உள்ள அடைப்பிதழ் ஒவ்வொரு துணைக்குடும்பத்திலும் ஒவ்வொரு மாதிரி, அதை ஆராய்ந்து பெயர் வாங்கியவர் அவர். வெளியுருவம் மட்டும் வைத்து முடிவெடுக்காமல் குடம்பியும் குடலும் நடத்தையும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்த்தார்கள். நல்ல வகைப்பாடு இப்படித்தான் நடக்கும் என்பது என் கருத்து. ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு புதுக் குடும்பம் போடுகிறவர்கள் மீது எனக்கு நம்பிக்கை வராது.

அடுத்து 1981. ஜேம்ஸ் ட்ரானியெல்லோவும் அனுலா ஜயசூரியவும் இந்த எறும்பின் சுரப்பிகளைப் பார்த்தார்கள். உணவு கிடைத்த வழியை மற்றவற்றுக்குக் காட்ட வயிற்றின் அடிப்புறத் தகட்டோடு சேர்ந்த ஒரு சுரப்பி. ஆபத்து என்று எச்சரிக்க நுனியின் மேற்புறத்தில் வேறொரு சுரப்பி. இது ஏன் முக்கியம் என்றால், டோலிகோடெரினே எறும்புகளிலும் வழித்தடம் போடுவது அடிப்புறச் சுரப்பிதான், அந்த வாடை அடிக்கும் எச்சரிக்கை இரசாயனம் வருவதும் மேற்புற நுனிச் சுரப்பிதான். அதாவது கொடுக்கு மட்டும் பிரித்துக் காட்ட, உள்ளே இருக்கும் இரசாயனக் கருவிகள் உறவைக் காட்டுகின்றன. 1893-இல் எமெரி வெளியிலிருந்து பார்த்துச் சொன்ன நெருக்கத்துக்கு உள்ளிருந்து ஒரு சாட்சி. பிறகு 2006-இல் வெவ்வேறு இரு குழுக்கள் எறும்புகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பெரிய வம்ச மரங்களை வெளியிட்டன, இரண்டிலுமே அனியூரெட்டினேயும் டோலிகோடெரினேயும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளாக, சகோதரக் குழுக்களாகவே வந்தன. மரபணுவே தெரியாத காலத்துக் கண்ணும் மரபணு இயந்திரமும் ஒரே விடை சொன்ன நல்ல உதாரணம் இது.

புதைபடிவங்களைச் சொல்லாமல் விட முடியாது. இன்று இலங்கையில் மட்டும் இருக்கும் இந்தக் கிளை ஒரு காலத்தில் வட அரைக்கோளத்து நாடுகளில் பரவியிருந்தது. பால்டிக் கடற்கரை அம்பருக்குள், அதாவது கல்லாக உறைந்த பழைய மரப்பிசினுக்குள் சிக்கிய அனியூரெட்டினே எறும்புகளை 1915-இல் வில்லியம் மோர்டன் வீலர் விவரித்தார் (மேலே சொன்ன வீலர் தம்பதி வேறு, இவர் வேறு). அமெரிக்காவின் கொலராடோவில் ஃப்ளோரிசன்ட் என்ற இடத்துப் பாறைப் படிவுகளிலிருந்து, ஏறக்குறைய 34 மில்லியன் ஆண்டு பழைமையான இன்னொரு பேரினத்தை 1930-இல் கார்ப்பெண்டர் விவரித்தார். ஐரோப்பாவில் இருந்தது, அமெரிக்காவில் இருந்தது, இப்போது சப்ரகமுவவின் சுள்ளியில் இருக்கிறது.

ஆனால் இந்தப் புதைபடிவப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மியன்மார் அம்பரிலிருந்து பர்மோமிர்மா என்ற ஒன்றை 1996-இல் விவரித்தார்கள், டைனோசர் காலத்து அனியூரெட்டினே என்று பல பட்டியல்களில் ஏறிவிட்டது. முழுமையில்லாத ஒரு மாதிரி அது. 2018-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள் அது எறும்பே இல்லை, அழிந்துபோன வேறொரு குளவிக் குடும்பம் என்று வாதிட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரே கணு, சில சிறகு நரம்புகள் என்று குறைந்த அடையாளத்தை வைத்து ஓர் உயிரைக் குடும்பத்துக்குள் சேர்த்தால் இப்படி வெளியே எடுக்கவும் நேரும். பழைய கட்டுரைகளில் "பத்துக் கோடி ஆண்டு பழைமையான குடும்பம்" என்று இன்னும் எழுதுகிறார்கள், அந்த வரியைப் பார்த்தால் எந்தப் புதைபடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் "ஆதி எறும்பு". ஆய்வுக் கட்டுரைகளே முன்பு அப்படித்தான் எழுதின, பத்திரிகைகள் இன்னும் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டோலிகோடெரினே எவ்வளவு காலம் பரிணமித்ததோ அதே காலம்தான் இதுவும் பரிணமித்திருக்கிறது. கொடுக்கை வைத்துக்கொண்டது பழைய குணம், சரி. ஆனால் இரண்டு அளவு வேலையாட்கள், இரசாயன வழித்தடம், எச்சரிக்கைச் சுரப்பி எல்லாம் பழைய குணம் என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற கிளைகள் ஆயிரக்கணக்கில் பிரிந்தபோது இந்தக் கிளையில் ஒன்று மட்டும் மிஞ்சியது, அவ்வளவுதான். மிஞ்சியது என்பதும் பழையது என்பதும் ஒன்றல்ல.

அடுத்தது, இது எவ்வளவு அரிது?

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 1996-இல் இதை அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் உச்ச வகையில் போட்டது. அப்போது தெரிந்த இடங்கள் மிகக் கொஞ்சம், கிலிமலே, இரத்தினபுரி நகரை ஒட்டிய பொம்பகெலே காட்டுத் துண்டு என்று விரல் விட்டு எண்ணலாம். ஜயசூரியவும் ட்ரானியெல்லோவும் 1985-இல் பரம்பலைப் பற்றி எழுதியது இந்தப் பகுதியை மையமாக வைத்துத்தான். அதன் பிறகு களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இலைக்குப்பையைச் சலித்தும் சுள்ளி உடைத்தும் தேடியதில் மீதிரிகல காட்டில் நல்ல எண்ணிக்கையில் கிடைத்தது. மீதிரிகல கம்பஹா மாவட்டத்தில், கொழும்பிலிருந்து அவ்வளவு தூரமில்லை. ஆக, "கிலிமலேயில் மட்டும்" என்ற பழைய வரி இன்று சரியில்லை.

அதற்காக ஆபத்து போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று இருக்கிறது: தாழ்நில ஈரக் காடு, மேலே மூடிய கூரை, கீழே ஈரம் காயாத தரை, உக்கிய மரம் தாராளமாக. இலங்கையின் தென்மேற்கில் அந்தக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, துண்டுகளுக்கு நடுவே தேயிலை, இறப்பர், ஊர், வீதி. சுள்ளிக்குள் வாழும் இந்தச் சின்ன எறும்பு வெயில் அடிக்கும் தேயிலைச் சரிவைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போகும் என்று நான் நம்பவில்லை. விழுந்த மரத்தைச் சுத்தம் என்று பெயர் சொல்லி அகற்றினால் காடு பச்சையாகவே இருக்கும், இந்த எறும்புக்கு மட்டும் வீடு இருக்காது.

என்னைப் பொறுத்தவரை 1996-இன் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். வகை மாறுமா, மாறாதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எந்தெந்தக் காட்டுத் துண்டில் இருக்கிறது, எதில் தேடியும் இல்லை என்ற பட்டியல்தான் முதலில் தேவை, காட்டைக் காப்பவர்களுக்கு வகைப் பெயரைவிட அதுதான் உதவும்.

உங்களில் ஈரவலயத்தில் இருக்கிறவர்கள், வீட்டுத் தோட்டம் காட்டை ஒட்டியிருக்கிறவர்கள் உதவலாம். ஒதுக்கக் காட்டுக்குள் போய் எதையும் எடுக்காதீர்கள், அனுமதி இல்லாமல் அங்கே ஒரு சுள்ளியைக்கூடத் தொடக் கூடாது. சொந்த நிலத்தில் விழுந்து கிடக்கும் ஈரச் சுள்ளியை மெல்லப் பிளந்து பாருங்கள். மஞ்சள் எறும்பு இருந்தால் கைத்தொலைபேசியில் ஒட்டும் மலிவான நெருக்க வில்லையே போதும், வெள்ளைத் தாளில் விட்டு எடுங்கள். தரைமட்டத்தில் போனை வைத்துப் பக்கவாட்டில் இடுப்பு தெரிய ஒரு படம், முதுகு முள் தெரிய ஒரு படம், வயிற்று நுனி தெரிய முடிந்தால் ஒன்று, பெரிய தலைக்காரர் இருந்தால் அதன் முகத்துக்கு நேரே ஒன்று. ஊர், திகதி, சுள்ளியின் தடிமன், மேலே நிழல் இருந்ததா என்று நான்கு சொல் எழுதிவிடுங்கள். இடமும் திகதியும் இல்லாத படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் என்னால் அதை எங்கும் பதிய முடியாது. பிளந்த சுள்ளியைத் திரும்பச் சேர்த்து நிழலில் வையுங்கள்.

ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் எழுதி அனுப்புங்கள். எத்தனை சுள்ளி பார்த்தீர்கள், எந்த இடம், மழை எப்போது பெய்தது என்று. இல்லை என்ற பதிவு என்னிடம் மிகவும் குறைவாக இருக்கிறது, இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை மூன்று மாவட்டங்களிலிருந்தும் அது வேண்டும்.